பாம்பைக் கிள்ளிய தவளை

ஒரு காட்டில், டவர் கிடைக்கிற ஒரே மேட்டில், ஒரு பள்ளிக்கூடம் நடந்துவந்தது. தின்னப்படுகிறவர்களுக்குக் காலை வகுப்பு, தின்கிறவர்களுக்கு மாலை வகுப்பு. பெற்றோர் சங்கம் கேட்டு வாங்கிய ஒரே வசதி அதுதான்.

அறிவியல் டீச்சர் மரகதவல்லி என்ற மந்தி ஒரு செல்போன் கொண்டுவந்தார். அதைத் தரைக்கு நேரே பிடித்தால், வெறுந்தரையில் யானை நிற்பது போலத் திரையில் தெரியும். விரலால் தள்ளினால் யானை திரும்பும். இரண்டு விரலை வைத்துக் கிள்ளினால் சிறுத்துப்போகும். அழுத்திப் பிடித்தால் தலைக்கு மேலே பெயரும் இனமும் எழுதி வரும்.

தங்கப்பழம் என்ற தவளைக்கு இதில் பைத்தியமே பிடித்துவிட்டது. பாவம், பிறந்ததிலிருந்து எல்லாரையும் அண்ணாந்தே பார்த்து வளர்ந்த பிள்ளை. யானையைக் கிள்ளிக் கிள்ளிப் புளியங்கொட்டை அளவுக்குக் கொண்டுவந்தது. புலியையும் விடவில்லை.

"ஈரக்கையோட தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று டீச்சர் போனைப் பிடுங்கி வாலால் துடைத்தார்.

போன் இல்லாத நேரத்திலும் அதற்குக் கை சும்மா இருக்கவில்லை. முன்னால் ஈ வந்து உட்கார்ந்தால், ஒரு வாய்க்கு ரெண்டு வாயாகட்டுமே என்று விரலை விரித்துப் பெரிதாக்கப் பார்த்தது. ஈ பறந்துபோனது. "நெட் ஸ்லோ" என்று சொல்லிவிட்டுப் பட்டினியாகப் படுத்துக்கொண்டது.

ஒருநாள் வகுப்பு முடிந்து குளத்துக்குப் போகிற வழியில், மாலை வகுப்பில் படிக்கிற சாரைப்பாம்பு பூவலிங்கம் எதிரே வந்தார். ஒரே தாவலில் குளத்துக்குள் போயிருக்கலாம். தங்கப்பழம் தாவவில்லை. கையை நீட்டிப் பாம்பைக் கிள்ளியது. பாம்பு சுருங்கவில்லை. மறுபடி கிள்ளியது. கிட்டே வர வர பாம்பு பெரிதாகிக்கொண்டே போனது. இது திரை இல்லை என்று அப்போதுதான் அதற்கு உறைத்தது. கால் இரண்டும் மரத்துப்போயின.

நீதிக்கதை முறைப்படி தவளை இந்த இடத்தில் செத்திருக்க வேண்டும். ஆனால் பூவலிங்கம் வாயைத் திறக்கவில்லை. மூக்கு நுனியால் தவளையின் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன பண்றீங்க அண்ணாச்சி?"

"பேசாம இருடே. பேரு வரட்டும்."

"என்ன பேரு?"

"தலைக்கு மேல எழுதி வரும்லா, தவளைன்னு. அது வராம நீ நெசமா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்? போன வாரம் நெசம்னு நம்பி டீச்சர் போனைக் கடிச்சு, பல்லு ஆடிப்போச்சு."

தங்கப்பழத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலுக்கும் வந்தது.

"நீங்க அழுத்தினது சரியில்ல அண்ணாச்சி. கையை, இல்ல, மூக்கை எடுத்துட்டு மறுபடி அழுத்துங்க."

பூவலிங்கம் மூக்கை எடுத்தார். தவளை குளத்தில் விழுந்தது. அவர் வெறுந்தரையை வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் தங்கப்பழம் டீச்சர் காலில் விழுந்தது.

"குளத்துக் கொக்கையும் நம்ம பள்ளிக்கூடத்துல சேத்துருங்க டீச்சர். அது இன்னும் படிக்கல. எனக்குப் பயமா இருக்கு."

நீதி: நீங்கள் மட்டும் படித்தால் போதாது, உங்களைத் தின்ன வருகிறவரும் அதே பள்ளியில் படித்திருக்க வேண்டும்.