பெரியகருப்பன் பார்க்காத கடைசிக் காட்சி

பால் ஊற்றியாயிற்று. சொந்த நிலத்து மண்ணைக் கரைத்தும் ஊற்றியாயிற்று. பெரியகருப்பனுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. ஏதோ ஆசை தீராமல்தான் உயிர் நிற்கிறது என்று உறவுக்காரர்கள் முடிவுகட்டினார்கள். சென்னையிலிருந்து லீவு போட்டு வந்திருந்த மகன் சூர்யநாராயணன் குனிந்து கேட்டான்.

"என்ன வேணும் அப்பச்சி?"

"அந்தக் கொலையைப் பண்ணது யாரு?"

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டார்கள்.

விசாரித்தால், அது ஒரு பழைய இங்கிலீஷ் படம். வாலிபத்தில் பினாங்குக் கடையில் இருந்தபோது பார்த்தது. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பங்களா, வெளியே பனி, உள்ளே விருந்தாளிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொலைகாரனைக் காட்டும் நேரத்தில் முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார்.

அப்பச்சி படும் பாட்டை மகனால் பார்க்க முடியவில்லை. நிம்மதியாகப் போகட்டும் என்று இணையத்தில் படத்தைத் தேடிப் பிடித்து, டிவியைக் கட்டிலுக்கு எதிரே வைத்தான். கடைசியாக முகம் பார்க்க வந்த சனம் மொத்தமும் பாய் விரித்து உட்கார்ந்தது. துப்பறிகிறவர் விரலை நீட்டியபோது கரண்ட் போயிற்று. அக்கம்பக்கத்து வீடுகள் பூட்டிக்கிடந்து இருட்டாகவே இருக்கும் தெரு என்பதால், ஊருக்கே இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாளும் கூடத்தில் கரண்ட் வரவில்லை. போனில் போட்டுக் காட்டினான். புருஷனுக்கு வாய் நனைக்க ஆத்தா ஆவுடையாள் கொண்டுவந்த செம்பு கைதவறி, போன் குளித்துவிட்டது.

கடைசியில் மனைவி மீனாக்ஷியின் போனில் முடிவை மட்டும் படித்துக்கொண்டு, அப்பச்சியின் காதருகே போனான். ஆவுடையாள் ஒப்பாரி எடுத்தாள். முடிந்தது என்று எல்லோரும் சேர்ந்து அழ, வாசலில் சங்கு ஊதிவிட்டார்கள். பெரியகருப்பன் கண்ணைத் திறந்து, இந்தச் சத்தத்தில் எப்படிப் படம் பார்ப்பது என்று கேட்டார். காப்பியும் கேட்டார்.

உறவுகள் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறின. பெரியகருப்பனுக்கோ இட்லி இறங்க ஆரம்பித்தது. படம் எப்போது என்று தினமும் கேட்டார்.

சென்னைக்குக் கிளம்பும் நாளில், காதில் சொல்வதைவிடக் கண்ணில் காட்டுவதுதான் மரியாதை என்று சூர்யநாராயணன் மெயின் போர்டைத் திறந்தான். பியூஸ் கட்டையைக் காணோம்.

பின்னால் நின்ற ஆவுடையாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அதை எடுத்தாள். கொடுக்காமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அது தெரியணும்னுதான் ஒங்கப்பச்சி உசிரப் பிடிச்சிருக்காக. நீ சொல்லிட்டா, கொலைகாரன் நீதான்டா."