மாமாவை ரிவர்ஸ் கியரில் கொண்டுபோன விவரம்

திஸி உஸூ,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் மொக்ரான் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் அமெசியான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். லியோன் குளிரிலிருந்து உங்களையும் வீட்டாரையும் அல்லாஹ் காப்பாற்றட்டும். நலம் விசாரித்து எழுதுவதுதான் முறை. ஆனால் இந்தப் பக்கத்து நலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மாமா மௌத்தான செய்தியைத் தொலைபேசியில் சொன்னோம், விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்றீர்கள், அழுதீர்கள், வைத்துவிட்டோம். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம் என்பதை மட்டும் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்லியே தீர வேண்டும், ஏனென்றால் அதற்குக் காரணம் நீங்கள்.

கோடையில் என் நீளவண்டியில் கியர் மாற்றும்போதெல்லாம் எலும்பைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கியர் எண்ணெயை மாற்ற வேண்டும் என்றான் மெக்கானிக் ஷாபான். எந்த எண்ணெய் என்று காப்பிக் கடையில் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், ஓய்வுபெற்றவர்கள் அத்தனை பேரும் தோமினோ காய்களைக் கவிழ்த்துவிட்டு என் பக்கம் திரும்பிவிட்டார்கள். எஞ்சினுக்கு ஊற்றுவதையே ஊற்று என்றார் ஒருவர். வாழைப்பழத் தோலைப் போடு, சத்தம் அடங்கும் என்றார் இன்னொருவர். "நம்ம ஒலிவ எண்ணெய் மனுசன் எலும்பையே ஒட்டவைக்குது, கியரை ஒட்டவைக்காதா?" என்று கடைக்காரரே கேட்டார். தலை சுற்றிப்போய் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "டப்பா மேல நாலுன்னும் போட்டிருக்கும், அஞ்சுன்னும் போட்டிருக்கும் மாப்பிள்ளை. அஞ்சு புதுசு, அஞ்சுதான் ஒசத்தி. நாலை இங்க நாய்கூட மோந்து பாக்காது." பிஸ்கட் ஆலையில் பொட்டலம் கட்டுகிறவருக்குக் கியர்பெட்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, ஏனென்றால் நீங்கள் பிரான்ஸில் இருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய அஞ்சாம் நம்பர் டப்பாக்கள் வந்தன. ஷாபான் பந்தாட்ட வர்ணனையைக் கேட்டுக்கொண்டே ஊற்றினான். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓடியது. அன்று உங்களுக்காக நான் துஆகூடச் செய்தேன்.

வியாழக்கிழமை காலை மாமா கண்ணை மூடினார். அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கிவிட வேண்டும் என்று ஊரிலிருந்து சொல்லியனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வண்டி வேறெங்கோ போயிருந்தது. என் வண்டியின் பின்னிருக்கையை மடக்கி, தலை என் பக்கமாக மாமாவைக் கிடத்தி, ஆடாமல் பிடித்துக்கொள்ள உங்கள் சித்தப்பா மகன் வாலியை அருகில் குந்தவைத்து, உங்கள் தங்கை தசாதித்தை முன்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பின்னால் உறவுக்காரர்களின் வண்டிகள் வரிசையாக வந்தன. மலைப்பாதை தொடங்கியதும் மூன்றாவது கியர் விழ மறுத்தது. அடுத்த வளைவில் இரண்டாவது. செங்குத்தான இடத்தில் முதல் கியருக்குத் தள்ளினேன். உள்ளே ஏதோ உடைகிற சத்தம் கேட்டது, கியர் பிடி, ஆணி கழன்ற கரண்டிபோல என் கையில் ஆடியது, வண்டி நின்றுவிட்டது.

"அத்தான், சறுக்குது! பெரியப்பா என் மேல வர்றாரு!" என்று அலறினான் வாலி. யாரோ ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு கை பிடியை ஆட்டிப் பார்த்தார்கள். ரிவர்ஸைத் தவிர எதுவும் விழவில்லை. மற்ற வண்டிகளெல்லாம் சின்னவை, ஒன்றிலும் மாமாவை நீட்டிக் கிடத்த முடியாது. மடக்கி உட்காரவைக்கலாமே என்று ஒருவர் தொடங்கினார். அதுவரை அழுதுகொண்டிருந்த தசாதித் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என்னங்க, வண்டியைத் திருப்புங்க. பின்பக்கமாவே மேல போவோம்."

தள்ளித் திருப்பினார்கள். ஊர் வரைக்கும் ரிவர்ஸில் ஏறினேன் மச்சான். கழுத்தை முறித்துப் பின்கண்ணாடி வழியே பாதையைப் பார்க்க வேண்டும், கண்ணுக்கும் பாதைக்கும் நடுவே மாமா. மகளைக் கொடுத்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். நான் எதிரில் உட்கார்ந்தால் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அன்றுதான் அவரை விட்டுக் கண்ணெடுக்காமல் அவ்வளவு தூரம் இருந்தேன். வெள்ளைத் துணிக்குள் எவ்வளவு சின்ன ஆளாக இருந்தார் தெரியுமா? ஒவ்வொரு குழியிலும் அவர் தலை லேசாக அசைந்தது. "மன்னிச்சுக்குங்க மாமா," "மன்னிச்சுக்குங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். வாலி அழுதானா, சிரிப்பை அடக்கினானா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஊர் எல்லையில் ஆண்கள் காத்துநின்றார்கள். வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, "என்னப்பா, மையித்தைக் கொண்டு வர்றீங்களா, திருப்பி எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார் ஷேக் அக்லி. நாங்கள் பதில் சொல்வதற்குள் கூட்டத்திலிருந்து ஒருவர் சொன்னார்: "அவர் கீழ்ப்பாதையைப் பாத்துக்கிட்டே வந்திருக்காருய்யா. மொக்ரான் வர்றானான்னு." பெண்கள் பக்கம் ஓலம் எழுந்தது. அது கியர் உடைந்ததால் வந்த வினை என்று சொல்ல வாயெடுத்தேன். தசாதித் என் கையைக் கிள்ளினாள். மாமா உங்களைத் தேடிக்கொண்டே வந்தார் என்பதுதான் இப்போது ஊர் முழுக்கப் பேச்சு.

நேற்று ஷாபான் எண்ணெயை வடித்துப் பார்த்தான். தட்டு முழுக்கப் பொன்துகள் மினுமினுத்தது. "தங்கச் சுரங்கமே வச்சிருக்கீங்களே" என்றான் பாவி. அந்த அஞ்சாம் நம்பர் எண்ணெயில் கலந்திருக்கும் மருந்து, பழைய பெட்டியின் பித்தளை வளையங்களை அரித்துத் தின்றுவிட்டதாம். உடைந்த துண்டு போய் மற்ற கியர்களை அடைத்துக்கொண்டது. ரிவர்ஸுக்கு வளையமே கிடையாது, அதனால் அது மட்டும் தப்பித்தது. இந்த வண்டிக்கு நாலுதான் ஆகும் என்று இப்போது சொல்கிறான், பந்தாட்டம் முடிந்த பிறகு. இனிமேல் எனக்கு எண்ணெயும் வேண்டாம், யோசனையும் வேண்டாம், மச்சான். மாமாவின் கடைசிப் பயணத்தைச் சந்தி சிரிக்கவைத்தது யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும், உங்களுக்குப் பொறுமையையும், எனக்கு நேரான கழுத்தையும் இறைவன் அருளட்டும். பெரியவர்களுக்கு என் சலாம்.

இப்படிக்கு,
அமெசியான்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. இந்தக் கடிதத்தை நான் தபாலில் சேர்க்கப் போவதில்லை. உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது, திறந்தால் நீங்கள் நிற்கிறீர்கள். கையில் ஒரு பை, முகத்தில் பல நாள் தாடி. தசாதித்தைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்த பிறகு, "அப்பாவை எப்படிக் கொண்டு போனீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். "நம்ம வண்டியிலதான் மச்சான்," என்றேன். "மலையில சிரமம் குடுக்கலியே?" "இல்ல. பூப்போலப் போச்சு." நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். "நான்தான் வந்து சேர முடியல. நான் அனுப்பின எண்ணெயாவது அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துச்சே," என்றீர்கள். தசாதித் என்னைப் பார்த்தாள். "ஆமா மச்சான், நல்ல எண்ணெய்," என்றேன்.