ஒரு சாண் பெரிய குளம்

புதிதாகச் செய்த மீன் குளத்துக்குப் பக்கத்தில், ஹாலின் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, புரூஃப் சார் அந்தச் சொட்டுக்காகக் காத்திருந்தார்.

சொட்டு விழுந்தது.

"ஒழுகுதா?" என்று கேட்டாள் மனைவி, கையில் கரண்டியோடு.

"ஒழுகல. வேர்க்குது. புது மரம் அப்படித்தான் வேர்க்கும்."

"மரம் வேர்க்குமாங்க?"

"உனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

உங்களுக்கு என்ன தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அச்சகத்தில் பிழைதிருத்துவது அவருடைய வேலை. அதனால்தான் ஊருக்கே அவர் புரூஃப் சார். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். சொந்தமாக ஒரு தப்பு செய்து பார்க்க இதுவரை அவருக்குச் சந்தர்ப்பம் அமைந்ததில்லை.

இப்போது அமைந்ததற்குக் காரணம், அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டிய பல் டாக்டர்.

போன மாதம் சகலை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். ஹாலில் ஜன்னலோரமாக, வழவழவென்று இழைத்த மரத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு மீன் குளம். உள்ளே ரப்பர் ஷீட் விரித்து, தண்ணீர் நிரப்பி, சிவப்பு மீன்களை விட்டிருந்தார் டாக்டர். மூலையில் ஒரு குட்டி மோட்டார் முணுமுணுவென்று தண்ணீரைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. புரூஃப் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பிழைகூட அகப்படவில்லை. சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

பஸ்ஸில் திரும்பும்போது மனைவி சொன்னாள்: "எல்லாம் அவர் கையாலேயே செஞ்சாராம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பெருமூச்சோடு புரூஃப் சாரின் நிம்மதி போனது. சுற்றி வளைக்காமல் சொல்வதென்றால், பொறாமை. அப்பட்டமான, வயிறெரிகிற பொறாமை. குளத்தின் மேல்கூட இல்லை. அந்தப் பெருமூச்சின் மேல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நினைத்து அவள் அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை. தான் செய்த ஒன்றைப் பார்த்து ஒரே ஒரு தடவை விட்டால் போதும், அப்புறம் எது எப்படிப் போனாலும் சரி என்று இருந்தது அவருக்கு.

மறுநாளே மரக்கடைக்குப் போனார். சகலை வீட்டில் எல்லோரும் கை கழுவப் போயிருந்த நேரத்தில் குளத்தைச் சாண் போட்டு அளந்து வைத்திருந்தார். எல்லாப் பக்கமும் ஒரு சாண் கூட்டிச் சொன்னார்.

"பலகையும் இதே கனம் போடலாமா சார்?" என்றார் கடைக்காரர்.

"டாக்டர் எதுல செஞ்சார்?"

"இதுலதான். ஸ்க்ரூகூட இங்கதான் வாங்கினார், இந்த சைஸ்."

"அப்ப எனக்கு அதைவிடப் பெரிய சைஸ் ஸ்க்ரூ கொடுங்க."

"சார், பலகையைவிட ஸ்க்ரூ நீளமா இருக்குமே."

"இருக்கட்டுங்க. நான் கேட்டதைக் கொடுங்க."

வீட்டில் அறுக்கிற சத்தமும் அடிக்கிற சத்தமுமாக இருந்தது. கட்டைவிரலில் கட்டு, தலையில் மரத்தூள். மனைவி அவ்வப்போது வந்து நின்று, "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? விட்டுடுங்களேன்" என்பாள். உன்னால் முடியாது என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாள் என்று புரூஃப் சார் புரிந்துகொள்வார். வீம்பாக இன்னொரு ஸ்க்ரூவை முடுக்குவார்.

வாயை வைத்துக்கொண்டும் சும்மா இருக்கவில்லை. குளம் முடிவதற்கு முன்பே சகலைக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வந்துடுங்க சகலை. வீட்டுல ஒரு சின்ன விஷயம் இருக்கு. நானும் ஒரு குளம் கட்டியிருக்கேன்."

"நீங்களா?" என்றார் சகலை. "நீங்க எதுக்கு சகலை..." குரல் கம்மிப்போயிருந்தது.

காதில் புகை வருகிறது என்று புரூஃப் சாருக்குத் தோன்றியது. அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

இன்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. விருந்தாளிகள் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தாயிற்று. குளம் சொட்டுகிறது.

"மூலையில லேசா இடைவெளி. முடுக்கினா நின்னுடும்" என்று ஸ்க்ரூவை முடுக்கினார். சொட்டு நின்றது. ஆனால் நீள ஸ்க்ரூவின் முனை பலகையைத் தாண்டி ரப்பர் ஷீட்டைத் துளைத்தது. பக்கத்தில் புதிதாக ஒரு ஒழுக்கு. அதை நிறுத்த அந்த ஸ்க்ரூவை முடுக்க, அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.

"ஒரு பாத்திரம் கொண்டா. மீனை மாத்தணும்."

"சாதம் வடிக்கிற பாத்திரம்தான் இருக்கு."

"அதைக் கொடு."

"அப்ப சாதம்?"

"முதல்ல மீன்."

மீன்களைப் பாத்திரத்தில் விட்டு, தண்ணீரை வாளி வாளியாக இறைத்துவிட்டு, ஓட்டைகளில் பசையை அப்பினார். பசை காய வெகு நேரம் ஆகும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்ததைக் கவனித்தார், நேரத்தைக் கவனிக்கவில்லை. உடனே தண்ணீரை ஊற்றினார். பசை முழுக்க வெள்ளையாகக் கழன்று மேலே மிதந்தது. உள்ளே விட்ட மீன்கள், சாப்பாடு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அதை நோக்கிப் பாய்ந்தன.

"அத எடுங்க, செத்துடப்போகுது."

மீன்கள் மறுபடியும் பாத்திரத்துக்குப் போயின. புரூஃப் சார் குளியலறைக்கு ஓடி, வாத்துப் படம் போட்ட பிளாஸ்டிக் திரையைக் கழற்றி வந்து ஷீட்டுக்கு மேல் விரித்தார். சகலை குளத்தளவு என்றால் சரியாக இருந்திருக்கும். ஒரு சாண் பெரிய குளமாயிற்றே, ஒரு பக்கம் எட்டவில்லை. அந்தப் பக்கமாகத் தண்ணீர் திரைக்கு அடியில் நுழைந்து, ஓட்டைகள் வழியே பலகைக்குள் இறங்க, மரம் ஊறி வெளிப்பக்கமாகத் தொப்பை போட்டது.

வாசலில் கீழ்வீட்டுத் தையல்காரர் நின்றார். கழுத்தில் அளவு நாடா, கையில் நனைந்த ஜாக்கெட் துணி.

"சார், உங்க வீட்டுல எதாவது ஒழுகுதா?"

"இல்லையே."

"அப்ப எங்க வீட்டுக்குள்ள மட்டும் மழை பெய்யுது போல" என்று சொல்லிவிட்டு, ஒரு வாளியைக் கடன் வாங்கிக்கொண்டு இறங்கினார்.

தொப்பைக்கு முட்டுக் கொடுக்க கனமாக எதுவும் அகப்படவில்லை. புரூஃப் சார் அகராதிகளைக் கொண்டுவந்தார். தடித்தடியான தொகுதிகள், அவருடைய உயிர். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பலகையோடு சேர்த்துத் தள்ளினார். பலகை நின்றது. மேலே மேசை விரிப்பைத் தொங்கவிட்டதும் அகராதிகளும் மறைந்தன. மீன்களை விட்டார். தூரத்திலிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், குளம்தான்.

"நல்லாருக்கா?" என்றார் மனைவியிடம்.

அவள் குளத்தைப் பார்த்தாள். அவருடைய கட்டைவிரல் கட்டைப் பார்த்தாள். சமையலறைக்குள் போய்விட்டாள். பெருமூச்சு எதுவும் விடவில்லை.

அவர் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார். அதற்குள் மணி அடித்தது.

சகலை உள்ளே வந்தார். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டையில் வருகிற மனுஷன், அன்று கசங்கிய சட்டையும் நாலு நாள் தாடியுமாக வந்து நின்றார். பின்னாலேயே கொழுந்தியாள். பொறாமை ஆளைத் தின்றுவிட்டது என்று புரூஃப் சார் உள்ளூர மகிழ்ந்தார்.

"இதோ, நம்ம குளம்" என்று கையை நீட்டினார்.

ஊறிப்போன அகராதிகள் அந்தக் கணம் வரைதான் தாக்குப்பிடித்தன. மேலே இருந்த தொகுதி வழுக்கி விழுந்தது. பலகை கதவு மாதிரித் திறந்துகொண்டது. குளம் மொத்தமும் ஹாலுக்கு வந்து, சகலையின் கணுக்காலைத் தொட்டுவிட்டு வாசல் வழியாகப் படியிறங்கியது. கீழே தையல்காரர் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

மனைவி ஓடிவந்து, துள்ளிக்கொண்டிருந்த மீன்களை ஒவ்வொன்றாக முந்தானையில் பொறுக்கினாள். "நான்தான் அப்பவே சொன்னேனே, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை" என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பதிலை எதிர்பார்க்காமல் மீன்களோடு சமையலறைக்குப் போனாள்.

புரூஃப் சார் தண்ணீரிலேயே உட்கார்ந்தார். மானம் போன பிறகு மறைக்க ஒன்றுமில்லை.

"நான் தோத்துட்டேன் சகலை. உங்களை மாதிரி எனக்கு வராது. உங்க குளம் மட்டும் எப்படி ஒழுகாம நிக்குது? அதையாவது சொல்லுங்க."

"என் குளமா?" சகலை தாடியைச் சொறிந்துகொண்டார். "அது இப்ப இல்ல. பிரிச்சுப் போட்டுட்டேன்."

"அவ்வளவு நல்ல குளத்தையா? எதுக்கு?"

சகலை புரூஃப் சாரை ஒரு பார்வை பார்த்தார். இந்த ஒரு மாதமாகப் புரூஃப் சார் கண்ணாடி முன்னால் நின்றபோதெல்லாம் பார்த்த அதே பார்வை.

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோபாவில் ஏறி நின்றிருந்த கொழுந்தியாள்தான் சொன்னாள்: "எல்லாம் அக்காவாலதான் அத்தான், அன்னைக்கு எங்க வீட்டுச் சமையல்கட்டுல, 'நல்லவேளை, என் வீட்டுக்காரர் ஒரு ஆணிகூட அடிக்காம சும்மா இருப்பார், அந்த மாதிரி மனுஷன் கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்'னு அவ எங்கிட்ட சொன்னதை இவர் ஒட்டுக் கேட்டுட்டார், அன்னையிலேர்ந்து உங்களை மாதிரி சும்மா இருக்கப் பழகிக்கிட்டிருக்கார்."