கேரம் பலகையும் ஒப்பந்த முறிவும்

இனிமேல் என் கை சோப்பு நுரையைத் தொடாது என்று முடிவு செய்துவிட்டேன். சட்டப்படி!

நான் ஒரு வக்கீல் குமாஸ்தா. மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டோம். டைப் அடித்ததும் நான்தான். மனைவிக்கு மணிக்கட்டு வலி. ஆகவே பாத்திரம் கழுவுவது கணவன் பொறுப்பு. பதிலுக்கு ஹால் முழுக்க என் கேரம் கோஷ்டிக்கு. அன்றோடு அவள் தையல் மெஷின் பரணுக்குப் போய்விட்டது.

போன வாரம் அதே மணிக்கட்டு அந்த மெஷினைத் தனியாளாக இறக்கியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மறுநாளே, நான் கேட்காமலேயே, வக்கீல் ஐயா பாடம் எடுத்தார்.

"பொய் சொல்லி வாங்கின ஒப்பந்தத்தை முறிக்கலாம்யா. அதுக்கு ரெசிஷன்னு பேரு. லத்தீன்ல வெட்டி எறியறதுன்னு அர்த்தம். வெட்டிட்டா, ஒப்பந்தமே போடாத மாதிரி. ரெண்டு பேரும் பழைய நிலைக்குப் போயிடணும்."

வீட்டுக்குள் நுழைந்ததும் முழங்கினேன். "ரெசிஷன்!"

"செருப்பைக் கழட்டிட்டுச் சொல்லுங்க."

"உன் மணிக்கட்டு வலி பொய். ஒப்பந்தம் ரத்து!"

"ஐயையோ, பார்த்துட்டீங்களா?" என்றாள். முகத்தில் கவலையே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். "ரத்துன்னா என்ன ஆகும்?"

"பழைய நிலை. வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துடணும்."

"அப்ப ஹால் எனக்கா?"

"தாராளமா!"

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு போர்டை எடுத்து வந்தாள். 'தையல் பயிற்சி நிலையம்.' பெயின்ட் காய்ந்தே பல நாள் ஆகியிருந்தது.

"எட்டுப் பேர் சேர்ந்தாச்சு. முதல் ஆள் உங்க வக்கீல் ஐயாவோட சம்சாரம்."

ஐயாவின் பாடத்துக்கு ஏற்பாடு செய்தது யார் என்று இப்போது புரிந்தது. என் கேரம் பலகைமேல் துணி விரித்து, கத்தரிக்கோலும் வைத்தாயிற்று.

கோபம் வரவேண்டும். வரவில்லை. அவள் முகம் இப்படி மலர்ந்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. மூன்று வருஷம் அந்த மெஷினைப் பரணில் கிடக்கவிட்டேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"ஜமாய்! போர்டை நானே மாட்டறேன்" என்றேன். "பாத்திரத்தை மட்டும் நீ பார்த்துக்க."

"பழைய நிலைன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒப்பந்தத்துக்கு முந்தின நாள் பாத்திரம் கழுவினது யாரு?"

யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கும் நான்தான்.