மெல்லப் போவதற்கு ஒரு ரியூனர்

யாகப்பர் துணை

குருநகர்,
யூலை மாதம், செவ்வாய் பின்னேரம்.

பெருமதிப்புக்குரிய சின்ன மாமாவுக்கு,

கோடையிலும் குளிரும் அந்த நோர்வேயில் நீங்களும் மாமியும் பிள்ளைகளும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, அண்ணை, நான் எல்லோரும் சுகம். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் சுகமில்லை.

நான் ஜெசிதா. நீங்கள் வீடியோ கோல் எடுக்கும்போது அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒரு கை மட்டும் தெரியுமே, அது என்னுடைய கைதான். எனக்குப் போனில் கதைக்க வாய் வராது. ஆகையால் கடதாசியில் எழுதி, அண்ணையைக் கொண்டு படம் பிடித்து அனுப்புகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "எஞ்சினுக்குப் பூட்டிற ரியூனரிலை மூண்டு வகை இருக்கு. வியாழக்கிழமைக்கு முதல் எது எண்டு ஒரு முடிவாய்ச் சொல்லுங்கோ, யாகப்பர் திருவிழாவுக்கு வரேக்கை கொண்டு வாறன்" என்று ஞாயிறன்று நீங்கள் சொன்னீர்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை. அண்ணைக்கு ஒன்று, அப்பாவுக்கு வேறொன்று. கடைசியில் அம்மா, "ஓடப்போறவள் அவள். அவள் சொல்லட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டா.

அது உண்மை மாமா. நீங்கள் வாங்கித் தந்த மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியைக் கட்டி, விடியக் கரையில் மீன் எடுத்து, உரும்பிராய் ஒழுங்கைகளில் வீடு வீடாக விற்பதுதான் அண்ணையின் தொழில். திருவிழா முடிய அவர் கட்டாருக்குப் போகிறார். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளும் பெட்டியும் உரும்பிராயும் என் பொறுப்பு. எனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. மீன் வெட்டுவேன், நிறுப்பேன். ஆனால் ஒழுங்கையில் நின்று "மீனோ மீன்" என்று கத்த வேண்டுமாம். குசினிக்குப் பின்னால் நின்று பழகிப் பார்த்தேன். பக்கத்தில் மேய்ந்த கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பயம் ஒரு பக்கம் இருக்க, மோட்டார் சைக்கிளும் இப்படிக் கிடந்தால் நான் என்ன செய்வேன்?

சைலன்சரை மாற்றினதை அண்ணை உங்களுக்குச் சொன்னவர். மாற்றின பிறகு நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டார், அதை நான் சொல்கிறேன். போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு நீளச் சைலன்சரைக் கழற்றி விற்றுவிட்டு, பால்போத்தல் அளவில் ஒரு கட்டைச் சைலன்சரைப் பூட்டினார். காற்று உள்ளே போகிற பில்ரர் பெட்டியையும் எடுத்துவிட்டு, சிவப்பாகக் கூம்பு மாதிரி ஒன்றைச் செருகினார். முதன்முதல் அதை முற்றத்தில் ஸ்ராட் பண்ணினபோது, கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த மாதா சுருவம் அதிர்ந்து அதிர்ந்து மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது. "பார், மாதாவே முகத்தைத் திருப்பிட்டா!" என்று அம்மா நெஞ்சில் சிலுவை போட்டா. எனக்கோ, பொய் சொல்லக்கூடாது மாமா, மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு சின்ன இரும்புக்குள் இவ்வளவு பெரிய குரல் இத்தனை நாளும் அடங்கி இருந்ததே என்று நினைத்தேன். அண்ணை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பெரிய றோட்டில் ஓடினபோது, பறவைமீன் தண்ணீரை விட்டு எழும்புகிற மாதிரி இருந்தது.

ஒழுங்கைக்குள் இறங்கியதும்தான் வினை தொடங்கியது. மெல்லப் போனால் எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும். வீட்டு வாசல் படலையடியில் நிற்பாட்ட முறுக்கின கையை விட்டாலோ, "டமார்" என்று ஒரு வெடி. முதல் வெடி விழுந்தது பென்சன் எடுத்த நவமணி ரீச்சர் வீட்டுப் படலையில். சட்டியோடு வந்துகொண்டிருந்தவ அப்படியே குப்புறப் படுத்துவிட்டா. அண்ணை ஓடிப்போய்த் தூக்க, ரீச்சர் எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு, "யுத்தம் முடிஞ்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகும் என்ரை உடம்பு ஒண்டையும் மறக்கேல்லைத் தம்பி. மூளை யோசிக்க முதல் முழங்கால் படுத்திட்டுது. சரி, என்ன மீன்?" என்றா. "பாரை, ரீச்சர்." "அரைக் கிலோ போடு. நீயே வெட்டித் தா." ரீச்சராவது வாங்கினா. மற்ற வீடுகளில் படலைகூடத் திறக்கவில்லை. மீன் பாதிக்குமேல் திரும்பி வந்தது. அன்றிலிருந்து எங்கள் முற்றத்தில் நடக்க இடமில்லை, எல்லாம் கருவாடு.

அப்பா பார்த்தார். மகன் படும்பாடு அவருக்குத் தாங்கவில்லை. அவருக்குத் தெரிந்த எஞ்சின் வள்ளத்து எஞ்சின்தான். அதற்குப் பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஊற்றாவிட்டால் நடுக்கடலில் இறுகிப்போகும். "இருமுதெண்டால் உள்ளுக்கை காயுது எண்டு அர்த்தம்" என்று தனக்குள் முடிவெடுத்து, ஒருவருக்கும் சொல்லாமல், வள்ளத்து எண்ணெயை அன்போடு மோட்டார் சைக்கிளின் ராங்கிக்குள் ஊற்றிவிட்டார். காலையில் அண்ணையும் நானும் உரும்பிராய் ஒழுங்கைக்குள் நுழைந்தபோது எங்களுக்குப் பின்னால் நீலப் புகை மதில் உயரத்துக்கு எழும்பி வந்தது. "டெங்குப் புகைக்காரர் வந்திட்டினம், சோத்தை மூடுங்கோ!" என்று ஒரு வீட்டில் குரல். யன்னல்கள் படபடவென்று சாத்துப்பட்டன. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு அன்ரி மட்டும் வெளியே வந்து, "தம்பி, பின்வளவுக்கும் ஒருக்கா அடிச்சு விடுங்கோ. அங்கைதான் நுளம்பு" என்றா. அண்ணை கையில் ஒரு சீலா மீனைத் தூக்கிக் காட்டி, "அன்ரி, நான் மீன்காரன்" என்றார். "மீன்காரனுக்கு ஏனப்பன் புகை?" என்று கேட்டா. அண்ணை சீலாவைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு அண்ணைக்கு வெட்கம் பிடித்துவிட்டது. பெற்றோலை மாற்றி ஊற்றினதும் புகை நின்றது. வெடி நிற்கவில்லை. ஆகையால் ஒழுங்கை தொடங்கும் இடத்திலேயே எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, மீன் பெட்டியோடு கையால் தள்ளிக்கொண்டு போகிறார். வியாபாரம் இன்னும் படுத்துவிட்டது. அண்ணையால் தள்ள முடியும். என்னால் அந்தப் பாரத்தை ஒரு படலைக்குமேல் தள்ள முடியாது.

சனிக்கிழமை அப்பா, அண்ணை, நான் மூன்று பேரும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற நிர்மலன் என்ற மெக்கானிக்கிடம் போனோம். அவர் கட்டைச் சைலன்சரையும் சிவப்புக் கூம்பையும் பார்த்துச் சிரித்தார். "தம்பி, முந்தி உது மூக்கடைச்ச ஆள் மாதிரி மூச்சு விட்டது. நீர் மூக்கையும் திறந்து வாயையும் திறந்து விட்டிட்டீர். காத்து அள்ளிக்கொண்டு போகுது. ஆனால் உள்ளுக்கை இருக்கிற மூளை பழைய கணக்கிலைதான் பெற்றோல் போடுது. பட்டினி கிடந்தால் கத்தாதோ? உப்பிடியே விட்டால் வால்வு எரிஞ்சு போகும். அந்தக் கணக்கை மாத்த ரியூனர் எண்டொரு பெட்டி பூட்ட வேணும்." அப்பா மெல்ல, "எண்ணெய் விட்டுப் பாத்தனான்…" என்றார். "ஐயா, நீங்கள் பாயாசத்துக்கை மீன் போட்டுக் குடுத்திருக்கிறியள்!" அப்பா வாசலுக்குப் போய்ப் பஸ் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

மாமா, அடுத்து நான் கண்டதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அங்கே வேறொருவருடைய பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று ரியூனர் பூட்டி நின்றது. நிர்மலன் அதற்கு லப்ரொப்பைத் தொடுத்துக் காட்டினார். திரை முழுவதும் கட்டம் கட்டமாக ஒரு படம். ஒரு பக்கம் எஞ்சின் சுற்றுகிற வேகம், மற்றப் பக்கம் கையை எவ்வளவு முறுக்கியிருக்கிறோம் என்பது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அந்த நொடியில் எவ்வளவு பெற்றோல் என்று ஒரு இலக்கம். அவர் கையை முறுக்க முறுக்க ஒரு வெளிச்சப் புள்ளி கட்டத்துக்குக் கட்டம் தாவி உச்சிக்கு ஓடியது. ஒருவர் மனதில் ஓடுகிறதை வெளியே நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்று கேட்காதீர்கள். அண்ணையும் நிர்மலனும் உச்சிக் கட்டங்களைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள், எத்தனை குதிரை கூடும், எவ்வளவு வேகம் ஏறும் என்று. எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது, "நாங்கள் படலைக்குப் படலை போறனாங்கள். அது உதிலை எங்கை?" என்று கேட்டுவிட்டேன். அந்நிய ஆள் ஒருவரிடம் நானாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. நிர்மலன் முறுக்கின கையை விட்டார். புள்ளி சறுக்கிச் சறுக்கி இறங்கி, இடப்பக்கம் கீழ் மூலையில் போய் நடுங்கிக்கொண்டு நின்றது. "இஞ்சை, தங்கச்சி" என்றார். அவ்வளவு பெரிய படத்தில் எங்கள் வீட்டுச் சீவியம் முழுவதும் அந்த மூலைக் கட்டங்களுக்குள் நடக்கிறது! அண்ணை உச்சிக்கு ஆசைப்பட்டுச் சைலன்சரை மாற்றியிருக்கிறார். மீன் விற்கிறது அடியில். நான் அந்த நடுங்குகிற புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கும் யாரோ ஒருவர் இருந்து இலக்கம் எழுதி வைத்திருக்கிறார், மாமா.

இனி அந்த மூன்று வகை. முதலாவது, லப்ரொப்பைத் தொடுத்து ஒவ்வொரு கட்டமாக எழுதுகிற பெட்டி. அண்ணைக்கு அதுதான் வேண்டுமாம். அவர் கட்டாரில் இருந்துகொண்டு எனக்குப் போனில் கட்டம் சொல்லித் தருவாராம். இரண்டாவது, திருகித் திருகிப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. "திருகாணி இல்லாத எஞ்சினை நம்பிக் கடலுக்குப் போகேலாது" என்று அப்பா அதிலேயே நிற்கிறார். உரும்பிராயில் கடல் இல்லை என்று அண்ணை சொன்னதற்கு, அன்று இரவு இரண்டு பேரும் தனித்தனியே சாப்பிட்டார்கள். மூன்றாவதுக்கு ஒரு மூக்கு இருக்கிறதாம். சைலன்சருக்குள் நின்று புகையை மணந்து, பெற்றோல் போதவில்லை என்றால் கூட்டியும், கூடிப்போனால் குறைத்தும், ஓட ஓடத் தானே பழகிக்கொள்ளுமாம். யாரும் அதனிடம் கேட்கத் தேவையில்லை, அதுவும் யாரிடமும் கேட்காது. மாமா, இப்படியும் ஒன்றைச் செய்திருக்கிறார்களே என்று நான் பூசையிலும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் தனியே நிற்கப்போகிறவளுக்கு அப்படி ஒரு துணைதான் வேண்டும். ஆகையால் மூக்குள்ள பெட்டியையே கொண்டு வாருங்கள். கடையில் கேட்கும்போது வேகத்துக்கு என்று சொல்லாமல், மெல்லப் போவதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். வெடி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

அப்பா உங்களைச் சுகம் விசாரிக்கிறார், எண்ணெய் விஷயத்தை மாமிக்குச் சொல்ல வேண்டாமாம். நீங்கள் கொண்டு வருவதைப் பூட்ட முதல் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பங்குச் சுவாமியிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டுமென்று அம்மா சொல்லுகிறா. யாகப்பர் உங்கள் விமானத்தை மேகத்துக்கு மேலே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மாமிக்கும் மச்சாள்மாருக்கும் என் அன்பு. நேரில் வரும்போது முழு ஆளாக முன்னால் வந்து நிற்க முயற்சி செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
ஜெசிதா

பி.கு: இன்று புதன்கிழமை, மாமா. அண்ணை இதைப் படம் பிடிக்க முதல் கட்டாருக்கான மெடிக்கலுக்குப் போய்விட்டார். மீனும் வந்துவிட்டது. நான் தனியே போனேன். தள்ள முடியாது என்றபடியால் ஓடிக்கொண்டே ஒழுங்கைக்குள் நுழைந்தேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. பயத்தில் கை முறுக்கை விட்டுவிட்டது. டமார்! நவமணி ரீச்சர் சட்டியோடு ஓடி வந்தா, இந்தமுறை குப்புறப் படுக்கவில்லை. "ஆர், ஜெசிதாவே? உந்தச் சத்தத்தைத் தானடி பாத்துக்கொண்டிருந்தனாங்கள்! வெடிச்சால் மீன் வந்திட்டுது எண்டு எல்லாருக்கும் பழகிப்போச்சு. பிறகு சத்தத்தைக் காணேல்லை, உங்கடை அண்ணை வரேல்லையாக்கும் எண்டு மற்றவனிட்டை நாறல் மீன் வாங்கிச் சமைச்சம்." அவ சொல்லி முடிக்க முதல் மூன்று படலைகள் திறந்துவிட்டன. ஒவ்வொரு படலையிலும் முறுக்கின கையை விட்டேன், வெடி எனக்காகக் கூப்பிட்டது. பெட்டியில் ஐஸ் மட்டும்தான் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து சேரும்வரை நான் வாயே திறக்கவில்லை. ஆகவே மாமா, மேலே எழுதினதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இருமலை நிற்பாட்டி, வால்வையும் காப்பாற்றி, படலைக்கு ஒரு வெடியை மட்டும் மிச்சம் விடுகிற ரியூனர் ஏதும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அந்த மூக்குள்ளதையே கொண்டு வாருங்கள். ஆனால் மூக்கை எப்படிக் கழற்றுவது என்றும் கேட்டு வாருங்கள். உரும்பிராய்க்குள் நுழையும்போது நான் கழற்றிக்கொள்கிறேன்.