மச்சான் விமானம் ஏறியதால் வற்றிய கிணறு

முருங்கன்,
07.09.2014.

அன்புள்ள மச்சான் சுபாஸ்கரனுக்கு,

நானும் உமது அக்கா மனோன்மணியும் உயிரோடு இருக்கிறோம். அங்கு நீங்கள் நலமென்று ஒஸ்லோவிலிருந்து வரும் படங்களே சொல்கின்றன, கேட்கத் தேவையில்லை.

மூன்று வருடத்துக்கு முன் வந்திருந்தபோது, விமானப் புகைக்குப் பரிகாரமாக ரிக்கற் காசோடு ஏதோ மேலதிகமாகச் சேர்த்துக் கட்டியதாகவும், அதைக்கொண்டு வறிய நாடொன்றில் மரம் நடுவார்கள் என்றும் பெருமை பேசினீர். அந்த வறிய நாட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அது என் வேலிக்கு மேற்கே இருக்கிறது. மீள்குடியேறி வந்து நாங்கள் மாடு மேய்த்த தரவை நிலம் முழுவதும் ஊர்பேர் தெரியாத கன்றுகளை நட்டார்கள்; அவை இன்று என்னைவிட உயரம், என் கிணறு என்னைவிட வறட்சி. வாளியை விட்டால் சேறும் ஒரு தவளையும் வருகின்றன, தவளைக்கும் முகத்தில் கோபம். மேய இடமில்லாத மாடுகள் மனோன்மணியின் கத்தரியைத் தின்றன. அந்த மரத்தில் ஒரு குருவியும் குந்தாது. எல்லாம் என் தகரக் கூரைக்கு வந்து எச்சமிடுகின்றன. மரத் திட்டத்து அலுவலர் நிதர்சனை மறித்துக் கேட்டேன்.

"ஐயா, இது காத்தில இருக்கிற கரியை உறிஞ்சிற மரம்."

"தண்ணியையும் உறிஞ்சுதே, தம்பி?"

"அதுக்கு எங்கட படிவத்தில கட்டம் இல்லை ஐயா."

மன்னாரில் அவர்களுடைய கந்தோருக்கும் போய் அலுவலர்களிடம் முறையிட்டேன். வாசலில் நின்ற கழுதை மட்டும் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டது.

இதற்குள் மரப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று. தலைவர் யார்? லோறன்ஸ். கோழிச் சங்கத்துக்கும் அவர்தான், வீட்டுத்திட்டச் சங்கத்துக்கும் அவர்தான். கூட்டங்களில் கைபிடி வைத்த கதிரை அவருக்கு, பி.ஏ. படித்த எனக்குக் கடைசி வரிசையில் கால் உடைந்தது. உமது கல்யாணப் படத்திலும் என்னைப் பாதிதான் பிடித்திருந்தீர்கள், அதை நான் மறக்கவில்லை.

ஆகவே மார்கழிப் பயணத்தை நிறுத்தும். நீர் இன்னொருமுறை பறந்தால் எங்களுக்கு முகம் கழுவவும் தண்ணீர் மிஞ்சாது. அக்காவைப் பார்க்க ஆசையென்றால் படத்தைப் பாரும். அதில் அவள் முழுதாக இருக்கிறாள்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். குளிருக்குக் கவனம்.

இப்படிக்கு,
அத்தான் பரமநாதன்

பி.கு: கடிதத்தை ஒட்டும் நேரம் நிதர்சன் வந்தான். லோறன்ஸ் மகளிடம் கனடாவுக்குப் பறந்துவிட்டாராம். அவருடைய விமானப் புகைக்கும் மரம் வருகிறதாம். மரச் சங்கத்துக்கு இனி நான்தான் தலைவர், கதிரையையும் கையோடு கொண்டுவந்திருக்கிறான், அதில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகும் புதிய மரம் வராவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிடுவார்களாம். ஆகவே மார்கழிக்கு நாலு பேரும் கட்டாயம் வாருங்கள். நேரே வரவேண்டாம், இரண்டு இடத்தில் இறங்கி ஏறினால் புகை கூடுமாம். வரும்போது குடிக்கத் தண்ணீர் கொண்டுவாரும்.