மாமனாரை ரீசெட் செய்த மருமகள்

என் மாமனார் இரண்டு முறை இறந்தார். முதல் முறை நெஞ்சுவலியில். அதில் எனக்குப் பங்கில்லை. இரண்டாம் முறை அவரைச் சாகடித்தது நான்தான். ஆயுதம், என் வலது கை ஆட்காட்டி விரல். (கைரேகைகூட இருந்தது, போன் கண்ணாடியில்.)

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சேந்தமங்கலம் பக்கத்தில் பிறந்து, பி.சி.ஏ. படித்து, கொல்லிமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்லூரியில் நான் எழுதிய புரோகிராம் எதுவும் முதல் முறை ஓடியதில்லை. இரண்டாம் முறையும் ஓடியதில்லை. ஆனால் வாழவந்தி நாட்டில் (மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு) எங்கள் ஊருக்கு இதெல்லாம் தெரியாது. வந்த மாதமே பக்கத்து வீட்டு அண்ணன், போனில் சத்தமே வரவில்லை என்று கொண்டுவந்தார். சைலண்டில் இருந்தது. எடுத்துவிட்டேன். மறுநாளிலிருந்து நான் 'கம்ப்யூட்டர் படிச்ச புள்ள' ஆகிவிட்டேன்.

மிளகு உதிர்த்த கையோடு ஆட்கள் போனைக் கொண்டுவருவார்கள். நானும் நெற்றியைச் சுருக்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆஃப் செய்து ஆன் செய்து கொடுப்பேன். பாதி வியாதிக்கு அதுவே மருந்து. மீதிப் பாதிக்கு ஃபேக்டரி ரீசெட். அதாவது, கடையில் வாங்கிய நாளில் போன் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடுவது. உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். போனால் என்ன? இங்கே யார் போனில் என்ன பொக்கிஷம் இருக்கப்போகிறது, குட் மார்னிங் ரோஜாப்பூவும் ஆட்டுக்குட்டி வீடியோவும்தானே என்பது என் எண்ணம். திமிர் என்றும் சொல்லலாம்.

மாமா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அத்தை பேச்சைக் குறைத்துக்கொண்டு விட்டார். காலையில் தோட்டத்துக்குப் போவார், வருவார், பேருக்கு நாலு வாய் சாப்பிடுவார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலாமரத்தடிக்குப் போய், அதைக் காதில் வைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். (என்ன பாட்டு என்று ஒரு நாள் எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.)

அந்த போன் ஒரு நாள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. தொட்டால் அரை நிமிடம் யோசித்தது. சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்று நாள் முழுக்க அறிவித்துக்கொண்டே இருந்தது. அத்தை கொண்டுவந்து கொடுத்தார்.

"கண்ணு, இது என்னமோ நின்னு நின்னு வேலை செய்யுது. சித்தெ பாரு."

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் மாமாவிடம், "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?" என்று கேட்டேன். "வேண்டாம் கண்ணு" என்றார். சரியென்று பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் என் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏம்புள்ள, எங்கய்யனைப் பட்டினி போடறயா? இங்கெல்லாம் மூணு தடவை கேக்கோணும். மொத வேண்டாம் சும்மா. ரெண்டாவது மரியாதைக்கு. மூணாவதா சொல்றதுதான் பதிலு" என்றார். அன்றிலிருந்து சோறு, காபி, பாய், தலையணை எல்லாவற்றுக்கும் மூன்று முறை கேட்கக் கற்றுக்கொண்டேன். நல்ல மருமகள் என்று பெயரும் வாங்கினேன்.

ஆனால் போன், சோறு இல்லையே.

அத்தை மிளகுக் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே கேட்டேன். "அத்தை, எல்லாத்தையும் எடுத்துட்டு போனைப் புதுசாட்டப் பண்ணித் தாரேனுங்க. உள்ள இருக்கறதுல உங்களுக்கு ஏதாச்சும் வேணுங்களா?"

அத்தை நிமிரவில்லை. "எனக்கென்ன வேணும் சாமி? ஒண்ணும் வேண்டாம்."

உள்ளே வந்து வேலையைத் தொடங்கினேன். எல்லாம் அழிந்துவிடும், சரியா என்றது போன். சரி என்றேன். திரும்பப் பெற முடியாது, உறுதியாகத்தானா என்றது. உறுதி என்றேன். கடைசியாக இன்னொரு முறையும் கேட்டது. மூன்று முறை! எங்கோ சீனாவில் செய்த போனுக்குத் தெரிந்த கொல்லிமலை மரியாதை எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறையும் அழுத்தினேன். பத்து நிமிடத்தில் போன் பளிச்சென்று ஆனது. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாயிருக்குது கண்ணு" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் பலாமரத்தடிக்குப் போன அத்தை, போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கண்ணு, இதுல அவிங்க எங்க போனாங்க?"

"யாருங்க அத்தை?"

"ரெண்டாவது வரி, ஓரத்துப் பொட்டி. அதைத் தொட்டு, மறுக்கா மேல தொட்டா அவிங்க பேசுவாங்களே. இப்பத் தொட்டா என்ற மூஞ்சி தெரியுது."

அத்தையின் விரலைப் பார்த்தேன். அவர் தொட்ட இடத்தில் இப்போது கேமரா இருந்தது. போனை வாங்கி உள்ளே தேடினேன். காலி.

விஷயம் இதுதான். அந்தப் பழைய போன், வருகிற அழைப்பை எல்லாம் தானாகவே பதிவு செய்து வைத்துக்கொள்ளும் ரகம். மாமா மூன்று வருடமாக அத்தையைக் கூப்பிட்டதெல்லாம் உள்ளே இருந்திருக்கிறது. "பஸ்ஸு போயிருச்சு, நடந்தே வாரேன்." "கோழியைப் புடிச்சு அடைச்சயா?" "உப்பு எத்தனை பாக்கெட்டு?" இவ்வளவுதான். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மேலிருந்து மூன்றாவது பஸ், ஐந்தாவது உப்பு என்று வரிசை மனப்பாடம். அந்த போனை நிரப்பியிருந்ததே மாமாதான். இடத்தை அடைக்கிறார் என்று துடைத்து எறிந்தது நான்.

அந்த நேரத்தில் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நியாயம் பேசினேன்.

"நான் கேட்டேனுங்களே அத்தை. ஏதாச்சும் வேணுங்களான்னு கேட்டேனுங்களே."

அத்தை என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "ஒருக்காத்தானே கேட்ட, கண்ணு" என்றார். பிறகு கொடுவாளை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் திட்டவில்லை. சாப்பிடவும் இல்லை.

அடுத்த மூன்று நாள் நான் அடித்த கூத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. ஊரில் இன்டர்நெட் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம், கோயிலுக்கு மேலே இருக்கும் பாறை. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்து, அழிந்ததை மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஆப் ஒன்றை இறக்கினேன். இரண்டு மணி நேரம் தேடிவிட்டு, இருநூற்றுப் பதினாலு படங்களைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கொண்டாடியது. திறந்து பார்த்தால் அத்தனையும் அந்த ஆப்பின் சொந்தப் பொத்தான்களும் விளம்பரங்களும். அது என்னைவிடப் பெரிய நிபுணர்.

பிறகு கூகுள் கணக்கில் பேக்கப் இருக்குமே என்று பார்த்தேன். வைஃபை இருக்கும்போது மட்டும் சேமிக்கும்படி வைத்திருந்தது. எங்கள் ஊரில் வைஃபை எங்கே வந்தது? திரும்பி வந்தது தொடர்பு எண்கள் மட்டும்தான். அதில் ஒன்றை வாய்விட்டுப் படித்துவிட்டேன்: 'அவிங்க'. (அத்தை வாயால் மாமாவின் பெயரைச் சொல்ல மாட்டார். அதனால் அப்படிப் போட்டுக் கொடுத்தவளும் நான்தான்.) நான் தடுப்பதற்குள் அத்தை அதைத் தொட்டுக் காதில் வைத்தார். எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். முழுசாகக் கேட்டுவிட்டு, "இவ ஆரு?" என்றார். போனை வாங்கி அழைப்பைத் துண்டித்தேன்.

நாலாம் நாள் இருவரும் நாமக்கல்லுக்கு பஸ் ஏறினோம். நான் கீழ்நாட்டுப் பெண், மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கொள்ளாது. வழி நெடுக வாந்தி எடுத்தேன். குரலைத் தொலைத்தவர் என் தலையைப் பிடித்துக்கொண்டார். தொலைக்க வைத்த நான் ஜன்னலுக்கு வெளியே தொங்கினேன்.

கடைக்காரர் தலை நரைத்த, பொறுமையான மனிதர். போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். "மெமரி கார்டுல இருந்திருந்தா ஏதாச்சும் பண்ணலாமுங்க. இது போனோட உள்மெமரி. எல்லாத்தையும் பூட்டித்தான் வெச்சிருக்கும். ரீசெட் பண்ணுனா மொதல்ல சாவியைத்தான் அழிக்கும். சாவி போயிட்டா ஒண்ணுமே பண்ண முடியாதுங்க." பிறகு கேட்டார். "ஆருங்க ரீசெட் போட்டது?"

"எங்கூர்ல ஒரு அரைகுறைங்க" என்றேன்.

அத்தை போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில், இருபதாவது வளைவு தாண்டியதும் மெல்லச் சொன்னார். "உன்னைய நீயே அரைகுறைன்னு சொல்லாத கண்ணு. முழுசாத்தானே அழிச்ச." ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

என் வீட்டுக்காரர் பிக்கப் வண்டியில் அன்னாசிப்பழம் ஏற்றிக்கொண்டு மலைக்கும் அடிவாரத்துக்குமாக ஓடுகிறவர். அப்பாவின் குரல் உங்கள் போனில் ஏதாவது இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டிருந்தேன். "ஒண்ணுமில்ல" என்றிருந்தார். நாமக்கல்லிலிருந்து வெறுங்கையோடு வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு, தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"ஒண்ணு இருக்குது. வாட்ஸப்புல ஐயன் அனுப்புனது. ஆனா நீ கேக்கோண்டாம்."

"ஏனுங்க?"

"கேக்கோண்டாம்னா உடேன்."

பிடுங்காத குறையாக வாங்கி, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, சத்தத்தை முழுக்க வைத்து அழுத்தினேன்.

மாமா இருமினார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டே சாமி, ஐயன் பேசறன். உம் பொண்டாட்டி இன்னைக்குச் சாமைச் சோறு ஆக்கியிருக்குது. கூரை ஓட்டையில அப்புனா பத்து மழைக்குத் தாங்கும். கோழிக்கு ஒரு உருண்டை வெச்சேன். அது சோத்தைப் பாக்குது, என்னையப் பாக்குது, பொறகு போயிருச்சு. வாரப்ப ரெண்டு பரோட்டா வாங்கியாடா. அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிப்போடாத, மூஞ்சி வாடிப்போயிரும். நான் நல்லாயிருக்குதுன்னுதான் சொல்லி வெச்சிருக்கறேன்." அதோடு முடியவில்லை. பொத்தானை விட மறந்திருக்கிறார். கொஞ்ச நேரம் மழைச் சத்தம். பிறகு தூரத்தில் அத்தையைக் கூப்பிடுகிறார். "ஏ புள்ள, தண்ணி கொண்டா."

எட்டு மாதத்தில் முதல் முறையாக அத்தை சிரித்தார். கோழி இடத்தில் ஆரம்பித்த சிரிப்பு, தண்ணி இடத்தில் அழுகையாகி, முந்தானைக்குள் போனது. வெளியே வந்ததும், "இன்னொருக்கா போடு" என்றார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. என் மாமனார் இந்த உலகத்தில் விட்டுச்சென்ற குரல் அது ஒன்றுதான். அது முழுக்க என் சமையலைப் பற்றியது. அதை என் போன், அத்தை போன், பென் டிரைவ், மெமரி கார்டு, என் தங்கையின் லேப்டாப் என்று ஐந்து இடத்தில் பத்திரப்படுத்தி வைத்திருப்பது நானேதான். எங்கள் மலையில் இவ்வளவு பாதுகாப்பாக எந்த ஆவணமும் இல்லை. வருகிற விருந்தாளிகளுக்கு எல்லாம் அத்தை போட்டுக் காட்டுகிறார். மழைக்காலம் வந்தால் எடப்புளி நாட்டிலிருந்து நாத்தனார் போன் செய்து, "அண்ணி, கூரை ஒழுகுது, ரெண்டு உருண்டை ஆக்கிக் குடுத்துவிடுங்க" என்பாள். இப்போது நான் சாமைச் சோறு நன்றாகவே ஆக்குகிறேன். நம்புவதற்குத்தான் ஆள் இல்லை. எனக்கு எதிரான சாட்சி செத்துப்போய்விட்டதால் குறுக்கு விசாரணையும் செய்ய முடியாது.

கோழி வரைக்கும் எல்லோரும் சிரிப்போம். மழைச் சத்தம் வந்ததும் வீடு அமைதியாகிவிடும். ஏனென்றால் அந்தக் கடைசி வரிக்கு, ஒவ்வொரு முறையும், அத்தை பதில் சொல்வார். "இருங்க, வாரேன்."

போன வாரம் ஒரு மதியம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். பதிவு ஓடி முடிந்தது. "இருங்க, வாரேன்" என்ற அத்தை, அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாரோ, நிஜமாகவே எழுந்து உள்ளே போய்விட்டார். வெளியே வரும்போது கையில் ஒரு சொம்பு தண்ணீர். வாசற்படியில் வந்து நின்றவருக்கு, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

எனக்குத் தாகம் இல்லை. வாங்கி முழுவதையும் குடித்தேன்.